உத்தரமேரூர்க் கல்வெட்டும் நமது மேடைப் புகழும்

பொங்கல் விழாவாயினும், தமிழர் திருநாளாயினும், தோட்டத்துப் பாடசாலையின் ஆண்டு விழாவாயினும், நம்மவர் மேடைகளில் தவறாது வந்து நிற்கும் பெருமைகள் சில உண்டு. கடாரம் சென்ற சோழன் கப்பற்படை ஒன்று. காவிரிக் கல்லணை ஒன்று. உத்தரமேரூர்க் குடவோலை ஒன்று. முதலிரண்டையும் கேட்டுக் கைதட்டிவிட்டுப் போகலாம். அவற்றால் இன்று நமக்குக் கெடுவது யாதொன்றும் இல்லை. மூன்றாவது அத்தகையதன்று. மேனாட்டார் நாகரிகம் அறியுமுன்னரே தமிழன் ஊருக்கு ஊர் தேர்தல் நடத்தினான் என்றும், மக்களெல்லாரும் வாக்களித்துத் தம்மைத் தாமே ஆண்டனர் என்றும் ஒருவர் முழங்கும்போது, அவர் பழம்பெருமை மட்டும் பேசுகின்றாரல்லர். ஊராட்சி எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு ஓர் இலக்கணமும் கூறிவிடுகின்றார். அவ்விலக்கணம் எத்தகையது என்று பார்க்க வேண்டியது நம் கடமையாகின்றது.

இங்ஙனம் முழங்குவோரில் அக்கல்வெட்டைப் படித்தவர் மிகச் சிலர். படியாமைக்குக் காரணமும் இல்லாமற் போகவில்லை. அதன் மொழி தமிழாயினும், சட்டச் சொற்களெல்லாம் வடமொழியாய்க் கிரந்த எழுத்திலே பொறிக்கப்பட்டு, இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை படிப்போனைத் தடுக்கி விழச் செய்யும். ஆயினும் அது மறைபொருளன்று. நீண்ட காலமாக அச்சில் இருக்கின்றது. பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் வெளியிட்ட சோழர் ஆட்சி பற்றிய ஆராய்ச்சி நூலில் அதனை விரிவாக எடுத்து ஆராய்ந்திருக்கின்றார். ஒரு காவியத்தின் குணத்தையும் குற்றத்தையும் படித்துக் காண்பது போலவே இக்கல்லெழுத்தையும் படித்துக் காண்போம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சார்ந்த உத்தரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில் இவ்வெழுத்துக்கள் உள்ளன. ஒன்றன்று, இரண்டு தீர்மானங்கள். முதலாம் பராந்தக சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில் ஒன்றும், பதினான்காம் ஆண்டில் மற்றொன்றும் எழுந்தன. நம் கணக்கில் அவை 919, 921 ஆகிய ஆண்டுகள். பேசுவோர் அவ்வூர் மகாசபையார். தன்மைப் பன்மையில் பேசுகின்றனர். ஊரின் முழுப்பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். இப்பெயரை நேயர்கள் நினைவில் இருத்திக் கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

முதற்கண் அதன் உரைநடையைப் பாராட்டியாக வேண்டும். கல்வெட்டுக்களில் பெரும்பாலானவை அரசன் புகழையே பக்கம் பக்கமாகப் பாடி, கொடுத்த நிலத்தை இரண்டு வரியில் கூறி முடிப்பவை. இதுவோ அரசன் பெயரையும் ஆண்டையும் உரிய மரியாதையோடு கூறிவிட்டு நேரே காரியத்துக்கு வருகின்றது. அணியில்லை, உவமையில்லை. ஆனால் ஒவ்வொரு தொடரும் ஒரு திருடனை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டது போல இருக்கின்றது. சபையார் மனிதரை நம்பவில்லை, விதியை நம்பினர். நல்லவர் வருவார் என்று நம்பிக் கதவைத் திறந்து வைப்போர் எழுதும் சட்டம் வேறு. எவன் வந்தாலும் களவு செய்ய முடியாதபடி கதவுக்குத் தாழ்ப்பாள் செய்வோர் எழுதும் சட்டம் வேறு. இது பின்னதைச் சார்ந்தது.

குடவோலை எடுக்கும் பகுதியைப் பாருங்கள். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்காலத்து வட்டாரம் போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் தோன்ற மேலே ஓர் ஓலை வைத்துக் கட்டுகின்றனர். முப்பது கட்டுகளும் ஒரு குடத்தில் இடப்படுகின்றன. சிறுவரும் முதியவரும் உட்பட மகாசபை கூடியிருக்க வேண்டும். அன்று ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவர் விடாது சபையின் நடுவே அமர்ந்திருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் எழுந்து, குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடிக்கின்றார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்கின்றான். அக்கட்டை அவிழ்த்து வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலுக்குகின்றனர். மறுபடியும் அச்சிறுவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கின்றான். மத்தியஸ்தன் அதனை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டுமாம்! வாங்கியதை உரக்கப் படிக்கின்றான். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையைப் படிக்கின்றனர். அதன் பின்னரே பெயர் ஏற்றுக்கொள்ளப்படுகின்றது.

விரிந்த கை எதற்கு? விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்திருந்து மாற்றிவிடாமைக்கு. எல்லாரும் படிப்பது எதற்கு? ஒருவன் இராமன் பெயரை இலக்குமணன் பெயராகப் படித்துவிடாமைக்கு. இரண்டாம் குடம் எதற்கு? அடியில் முன்னரே ஒட்டி வைத்த ஓலை இல்லாமைக்கு. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன் இத்தனை தந்திரங்களையும் அறிந்திருந்தனர் என்றால், அத்தனை தந்திரங்களும் அதற்கு முன் அங்கே நடந்தேறியிருக்க வேண்டும் என்பதும் பெறப்படுகின்றது. இதைச் சொன்னால் நம் மேடைப் புலவர்கள் முகம் சுளிப்பர். ஆனால் இக்கல்வெட்டின் உயிரே அங்குத்தான் இருக்கின்றது.

இரண்டு தீர்மானங்களையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். மேடையில் பேசுவோர் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவதால் இச்சுவை கெட்டுவிடுகின்றது. 919-ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் வாரியத்துக்குரிய வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். 921-இல் அது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாறிவிட்டது. முன்னதில் கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் கூடாது, அண்மையில் விலகியவரின் நெருங்கிய உறவினர் கூடாது என்று சுருக்கமாக நிறுத்தினர். பின்னதில் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனைத் தனியே குறித்து விலக்கினர். அவனை மட்டுமோ? அவன் தாயுடன் பிறந்தாள் மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மைத்துனன், தமக்கை தங்கையை மணந்தவன், மருமகன், தந்தை, மகன் என்று உறவுமுறையில் ஒருவர் விடாது வரிசைப்படுத்தி வாசலை அடைத்துவிட்டனர். இரண்டே ஆண்டுகளில் நேர்ந்தது என்ன? கணக்குக் காட்டாதவன் ஒருவன், தான் விலகித் தன் மைத்துனனையோ மருமகனையோ உள்ளே அனுப்பியிருப்பான் என்று ஊகித்தல் மிகையாகாது. நெருங்கிய உறவு என்றால் எது நெருக்கம் என்று வழக்காடியிருப்பர். சபையார் சலித்துப் போய், உறவுப் பெயர்களையெல்லாம் கல்லில் வெட்டிவிட்டனர்.

கழுதை மீது ஏறியவனும் பொய்யோலை எழுதியவனும் விலக்கப்பட்டோருள் அடங்குவர். கழுதை ஏறுதல் அக்காலத்தில் குற்றவாளிக்கு ஊர் அளித்த அவமானத் தண்டனை. வாரியத்தில் இருக்கும்போதே குற்றம் செய்தவன் ஆண்டு முடியும்வரை காத்திராமல் அப்போதே நீக்கப்படுவான். கணக்கு எழுதுபவனும் தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து காட்டித் தூயவன் எனப்பட்ட பின்னரே மறுபடி கணக்குப் புத்தகத்தைத் தொடலாம். அவனுக்காக வேறொருவன் வந்து முடித்தல் ஆகாது. தேர்ந்தெடுத்த முப்பதின்மரில் பன்னிருவர் ஆண்டு வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பொன்னின் மாற்றுப் பார்க்கவும் பஞ்சவாரத்துக்கும் வேறு வாரியங்கள். வேலைகள் பகுக்கப்பட்டிருந்தன; முந்நூற்றறுபது நாளும் நிரம்பச் செய்து ஒழிய வேண்டும். இன்றைய தமிழ்நாட்டில் மின்சாரத்துக்கும் குடிநீருக்கும் வைத்திருக்கும் ‘வாரியம்’ என்னும் பெயர் இந்தப் பழஞ்சொல்லே. பெயர் வந்த அளவுக்கு விரித்த கையும் வந்திருந்தால் நன்றாயிருக்கும்.

இதுவரை கூறியது குணம். இனிக் குற்றத்தைக் காண்போம்.

குடத்துள் ஓலையாய் விழுவதற்கு உரியவன் யார்? இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவன். கால்வேலி என்பது இக்கால அளவில் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். அந்நிலமும் போதாது, தன் சொந்த மனையிலே வீடு கட்டி அதில் வாழ்பவனாயிருக்க வேண்டும். அதுவும் போதாது, வேதத்தின் மந்திரப் பகுதியையும் பிராமணப் பகுதியையும் கற்றறிந்தவனாயிருக்க வேண்டும். நிலம் அரைக்கால்வேலிதான் உண்டு என்றால் அதற்கும் வழி வைத்தனர்: ஒரு வேதம் முழுவதும் கற்று, பாஷியங்கள் நான்கில் ஒன்றை விரித்துரைக்க வல்லவனாயின் அவன் பெயரையும் எழுதலாம். நிலக்குறைவை வேதம் நிரப்பும். வேதக்குறைவை எது நிரப்பும் என்று தேடிப் பார்த்தோம். கல்வெட்டில் அதற்கு விடையில்லை.

சதுர்வேதிமங்கலம் என்னும் பெயரை நினைவில் வைக்கச் சொன்னது இதற்கே. உத்தரமேரூர் ஒரு பிரமதேயம். வேதம் வல்ல பிராமணருக்கு அரசர் வழங்கிய ஊர். அவ்வூர் வயலில் உழுதவன், ஏரியில் மண் சுமந்தவன், நூல் நூற்றவள், செக்காட்டியவன், பறையறைந்தவன் எவனுடைய பெயரும் எந்தக் கட்டிலும் இல்லை. பெண்ணின் பெயர் எக்குலத்திலும் இல்லை. ஏரி வாரியம் ஏரியைக் காத்தது. ஏரியின் நீரில் நின்று மடை திறந்தவனுக்கு அவ்வாரியத்தில் இடமில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து வந்த தஞ்சைக் கல்வெட்டுக்கள், ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் பெயர் குறித்தே எழுதுகின்றன. நிலத்தை எண்ணிய இடத்தில் அச்சேரி கணக்கில் வந்தது. ஆளை எண்ணிய இடத்தில் வரவில்லை.

பிராமணரல்லாதார் ஊர்களில் ‘ஊர்’ என்னும் அவையும், வணிகர்க்கு ‘நகரம்’ என்னும் அவையும் இருந்தனவே என்பர் சிலர். இருந்தன; மறுப்பாரில்லை. ஆனால் குடத்தையும் சிறுவனையும் விரித்த கையையும் கொண்டு அவற்றை அலங்கரிப்பது தகாது. குடவோலை விதிகளை இத்துணை விரிவாக வகுத்து நமக்கு விட்டுச் சென்றது ஒரு பிரமதேயம். அதன் புகழைத் தமிழர் அனைவர்க்கும் பங்கிட்டுக் கொடுப்பது, பங்கு மறுக்கப்பட்டவனின் பேரனையே அழைத்து வந்து பந்தியில் உட்காரவைத்து, உன் பாட்டனும் இங்கேதான் உண்டான் என்று பொய் சொல்வதற்கு ஒப்பாகும்.

இன்னொரு திருத்தமும் வேண்டியிருக்கின்றது. குடவோலை தேர்தலே அன்று, திருவுளச்சீட்டு. மக்கள் ஓர் அபேட்சகரைப் பார்த்து, இவர் வேண்டும், இவர் வேண்டாம் என்று கூறியதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. யார் என்பதைச் சிறுவன் கை தீர்மானித்தது. இதனை இழிவாகக் கூறவில்லை. பழைய ஏதென்ஸ் நகரத்தாரும் ஐந்நூற்றுவர் சபைக்குச் சீட்டுக் குலுக்கியே ஆளெடுத்தனர். முப்பது வயது நிரம்பியவர், ஓராண்டுப் பதவி. அவர்களும் பெண்டிரையும் அடிமைகளையும் வெளியே நிறுத்தினர் என்பதையும் சேர்த்துக் கூறிவிடுவோம். சீட்டுக்கு ஒரு நன்மை உண்டு. வீடு வீடாகச் சென்று காசு கொடுத்தும் கள்ளுக் கொடுத்தும் ஆள் சேர்ப்பவனுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் ஒரு தீமையும் உண்டு. என் தெருவில் விளக்கு எரியவில்லை, அடுத்த முறை உனக்கு வாக்கில்லை என்று சொல்லும் ஆயுதம் குடிகளிடம் இராது. உத்தரமேரூரார் அந்த ஆயுதத்துக்குப் பதிலாகக் கணக்கையும் மூன்றாண்டு இடைவெளியையும் வைத்தனர். சிறிய, தம்முள் ஒருவரையொருவர் அறிந்த கூட்டத்துக்கு அது போதுமானதாயிருந்திருக்கலாம்.

அகநானூற்றின் எழுபத்தேழாம் பாட்டில் கயிற்றால் கட்டிய குடத்திலிருந்து ஓலை எடுக்கும் செய்தி வருகின்றதே, அது சங்ககாலத் தேர்தலன்றோ என்று கேட்பாரும் உளர். அப்பாட்டில் அது போர்க்களத்து உவமை. வீழ்ந்தவனின் குடலைப் பருந்து இழுப்பதற்கு, குடத்திலிருந்து ஓலையை இழுப்பது ஒப்புமையாக நிற்கின்றது. எந்த ஓலை, எந்தச் சபை, எவர் ஆண்டனர் என்பனவற்றைப் புலவர் கூறவில்லை. ஓர் உவமையின் மேல் ஒரு குடியரசையே கட்டி எழுப்புவது ஆராய்ச்சியன்று.

மற்றுமொன்று. இவ்விரு தீர்மானங்களும் சபையார் தாமே கூடித் தாமே செய்தனவல்ல. அரசன் திருமுகம் வந்தது. அதனைச் சபையில் படித்தனர். அரசன் ஆணையால் வந்த அதிகாரி உடன் அமர்ந்திருக்கவே விதிகள் வகுக்கப்பட்டன. முதல் முறை தத்தனூர் மூவேந்தவேளான் என்பார் வந்திருந்தார். இரண்டாம் முறை வேறொருவர் வந்தார். ஆகவே முற்றும் சுதந்திரமான கிராமக் குடியரசு என்னும் பேச்சும் கல்லெழுத்தின் முன் நிற்கவில்லை. மேலிருந்து ஒரு கை அசைந்தது. கீழே ஊரார் அதற்கு உருவம் கொடுத்தனர்.

பழைய கிராமத்தைப் பொன்னுலகமாகக் காட்டும் இந்நோய் தமிழ் மேடைக்கு மட்டும் உரியதன்று. இந்திய அரசியல் சட்டம் உருவாகிய நாளில், கிராமத்தையே ஆட்சியின் அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று பலர் வற்புறுத்தினர். 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கார் எழுந்து, அக்கிராமம் அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்று தயங்காமல் கூறினார். மேடைகள் அவரை வைதன. அவர் கிராமத்தைக் குடத்தருகே நின்று பார்த்தவரல்லர். வாசலுக்கு வெளியே நின்று பார்த்தவர். இரண்டு இடத்திலிருந்தும் பார்த்தால்தான் ஊர் முழுவதும் தெரியும். பின்னர் 1993-இல் நடைமுறைக்கு வந்த எழுபத்து மூன்றாம் திருத்தம், ஊராட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கி, தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகை வீதப்படியும், பெண்டிர்க்கு மூன்றில் ஒன்றுக்குக் குறையாமலும் இடம் ஒதுக்கிற்று. சட்டப் புத்தகத்தின் அளவில் வாசல் திறந்தது.

திறந்த வாசலில் என்ன நடந்தது என்பதையும் நம் மேடைகள் கூறுவதில்லை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளிலும், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஊராட்சியிலும் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது என்னும் ஒரே காரணத்தால் 1996 தொடங்கிப் பத்தாண்டுகள் ஒழுங்கான தேர்தல் நடக்கவிடவில்லை. 2006-இல் தான் நடந்தது. மேலவளவு ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் என்பார் 1997 ஜூன் 30-ஆம் நாள் உடன் சென்றோர் சிலரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். குடவோலை பிறந்த அதே தமிழ்நாடு! வாக்குச் சீட்டு இருந்தது, பெட்டி இருந்தது, சட்டம் இருந்தது. கால்வேலியும் வேதமும் வேண்டாம் என்று சட்டம் கூறிய பின்னரும், ஊரார் தங்கள் மனத்தில் பழைய தகுதிப் பட்டியலையே வைத்திருந்தனர்.

இவையெல்லாம் அக்கரைச் செய்திகள். மலேசியாவில் வாழும் நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். கல்வெட்டின் தகுதி விதியை நம் தோட்டத்து லயத்தின் முன் நின்று ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். சொந்த மனையில் கட்டிய வீடு! லயம் கம்பெனியுடையது, நிலம் கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும். மூன்று தலைமுறை பால்மரம் வெட்டிய குடும்பமாயினும் அதன் பெயர் ஓலையில் ஏறாது. ஏறாதது உத்தரமேரூரில் மட்டுமன்று. தோட்டம் தனியார் நிலம் என்னும் ஒரு சொல்லால், கிராமங்களுக்குப் போன சாலையும் குழாய்நீரும் மின்விளக்கும் பல காலம் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டன. விளக்கெரிய வேண்டுமா, துரையைக் கேள். கால்வாய் தூர வேண்டுமா, கிராணியைக் கேள் என்பதே நம்மவர் அறிந்த ஸ்தல சுயாட்சி. அத்தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்ட பின், பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குக் குடியேறியவர்கள் இன்று நகராண்மைக் கழகத்துக்கு மதிப்பீட்டு வரி செலுத்துகின்றனர். உத்தரமேரூரில் இறை செலுத்தியவனுக்காவது ஓலை இருந்தது. இங்கே வரி செலுத்துவோர்க்கும் ஓலையில்லை. ஏனெனில் குடமே இல்லை.

அக்குடம் ஒரு காலத்தில் இருந்தது என்பதை இளைஞர் பலர் அறியார். 1950-ஆம் ஆண்டு ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் சட்டம் பிறந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன் முனிசிபாலிட்டியிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் தேர்தல்கள் நடந்தன. நாடு விடுதலை பெறுவதற்கு முன்னரே, சட்டசபைக்கு முதல் வாக்கு விழுவதற்கும் முன்னரே, நகரசபைக்கு வாக்கு விழுந்தது. 1952-இல் வந்த மற்றொரு சட்டத்தால் புதுக்கிராமங்களிலும் சிறு சபைகள் எழுந்தன. 1957-இல் நகரமாக உயர்ந்த ஜார்ஜ் டவுனுக்கு முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சார்ந்த டி. எஸ். இராமநாதன். 1965-இல் இந்தோனேசியாவோடு மூண்ட பகைமையைக் காரணங்காட்டி ஸ்தலத் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தற்காலிகம் என்றே அன்று கூறப்பட்டது.

இவ்விடத்தில்தான் நம் விமரிசகர்கள் புறக்கணித்த ஒரு நூலைக் குறிப்பிட வேண்டியிருக்கின்றது. அது கல்வெட்டன்று, அறிக்கை. ஸ்தல ஸ்தாபனங்களின் நடைமுறையை ஆராய 1965-இல் அமைக்கப்பட்ட அரச விசாரணைக் கமிஷனுக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர். செனட்டர் ஆதி நாகப்பன். 1968-இல் முடிவுற்ற அவ்வறிக்கை சபைகளில் நிகழ்ந்த குறைகளை மறைக்கவில்லை. ஊழல் இருந்தது, திறமைக்குறைவு இருந்தது, கட்சிப்பூசல் இருந்தது. ஜார்ஜ் டவுன் நகரசபையின் அதிகாரங்களையே 1966-இல் மாநில அரசு எடுத்துக்கொண்டது. எல்லாவற்றையும் கண்ட பின்னரும், தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளே வேண்டும், தேர்தலை மீட்க வேண்டும் என்றே கமிஷன் பரிந்துரைத்தது. அரசாங்கம் அப்பரிந்துரையை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஸ்தல ஆட்சிச் சட்டம் தேர்தல் பற்றிய விதிகளைச் செல்லாதனவாக்கி, எட்டு முதல் இருபத்து நான்கு வரையிலான அங்கத்தினரை மாநில அரசே நியமிக்கும் என்று வகுத்தது. பதவிக்காலம் மூன்றாண்டுக்கு மேற்படாது. ஆனால் மீண்டும் நியமிக்கத் தடையில்லை.

உத்தரமேரூர்க் கல்வெட்டின் உண்மையான பெருமை இதனோடு ஒப்பிட்டால்தான் விளங்கும். 919-இல் செய்த விதி இரண்டாண்டுகூடத் தாங்கவில்லை. கணக்குக் காட்டாதோர் இருந்தனர். உறவினரை நுழைத்தோர் இருந்தனர் என்பது திருத்தத்திலிருந்தே தெரிகின்றது. அதற்காகச் சபையார் குடத்தை உடைத்து, இனி அதிகாரியே ஆளை நியமிக்கட்டும் என்று கூறவில்லை. அதிகாரி அருகிலேயே அமர்ந்திருந்தும் கூறவில்லை. விதியைத் திருத்தினர், உறவுப் பட்டியலை நீட்டினர், விரலை விரிக்கச் சொன்னர். மேடையில் நாம் கூவும் தொன்மையைவிட இதுவே பெரிது. வாசலைப் பற்றிய அவர்கள் கருத்து நமக்கு ஆகாது. குடத்தைப் பற்றிய அவர்கள் பொறுமை நமக்கு வேண்டும். இரண்டையும் பிரித்தறியாமல் ஒரே மாலையைச் சூட்டுவதால்தான், வாசல் அடைத்த குற்றமும் நம் கண்ணுக்குப் படவில்லை, குடம் காத்த குணமும் படவில்லை. நாகப்பன் அறிக்கை ஊழலைக் கண்டு கூறிய விடை, தன்னை அறியாமலே 921-ஆம் ஆண்டு விடைக்கு அண்மையில் வந்து நிற்கின்றது. அதுவும் வயது வந்த ஆண் பெண் அனைவர்க்கும் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கின்றது.

பினாங்கு மாநிலம் 2012-இல் தன் எல்லைக்குள் ஸ்தலத் தேர்தலை மீட்க ஒரு சட்டம் இயற்றிற்று. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்தின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 1976-ஆம் ஆண்டு நியமன விதியே இன்றும் நடக்கின்றது.